ஸ்கேன் சரி, அப்புறம் ஏன் தலை வலிக்கிறது?

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார். ஃபுட்சால் ஆடும்போது மகனுக்குத் தலையில் அடி. சி.டி. ஸ்கேனில் ஒன்றுமில்லை. ஆனால் ஆறு வாரமாகியும் தலைவலி, மறதி. உறவினர்களில் பாதிப் பேர் "நடிக்கிறான்" என்கிறார்கள். மீதிப் பேர் "பயந்திருக்கிறான், மந்திரிச்சு விடுங்க" என்கிறார்கள்.

அவன் நடிக்கவில்லை அம்மா. தலை குலுங்கும்போது நரம்பணுக்களிலிருந்து பொட்டாசியம் வெளியேறும், கால்சியம் உள்ளே புகும். அதைச் சீராக்க மூளை ஏராளமான ஆற்றலைச் செலவழிக்கும். இதுதான் மூளை அதிர்ச்சி. ஸ்கேன் இரத்தக்கசிவைக் காட்டும், இதைக் காட்டாது. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும்.

சரி, அதற்குப் பிறகும் ஏன் வலிக்கிறது? 1992இல் உளவியல் ஆய்வாளர் மிட்டன்பர்க்கின் குழுவினர், தலையில் அடிபடாதவர்களிடம் "அடிபட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள், என்னென்ன வரும்?" என்று கேட்டார்கள். அவர்கள் சொன்னது, நிஜமாகவே அடிபட்டவர்கள் சொன்னதோடு ஏறக்குறைய ஒத்துப்போனது. இன்னொன்றுதான் என்னை வியக்க வைத்தது: அடிபட்டவர்கள், தங்களுக்கு முன்பே இருந்த தலைவலியையும் மறதியையும் மற்றவர்களைவிடக் குறைத்தே சொன்னார்கள். அடிக்கு முந்தைய காலம் நினைவில் அப்பழுக்கில்லாததாக மாறியிருந்தது.

எஸ்.பி.எம். தேர்வுக்கான டியூஷன் முடிந்து இரவு பத்து மணிக்கு வீடு திரும்பும் பிள்ளைக்குத் தலை வலிக்கத்தான் செய்யும். முன்பு அது களைப்பு. இப்போது "மூளையில் ஏதோ ஆகிவிட்டது". பயம் வந்ததும் கவனமெல்லாம் தலைக்குப் போகிறது. கழுத்துத் தசை இறுகுகிறது, தூக்கம் கெடுகிறது, தூக்கமில்லாததால் மறதி கூடுகிறது. மறதி கூடியதும் பயம் உறுதியாகிறது. வலி நிஜம்தான், அதை வளர்ப்பதுதான் வேறு. முன்பே மனப்பதற்றம் உள்ளவர்கள் தேற இன்னும் நாளாகலாம்.

இருட்டறையில் நாள்கணக்கில் படுக்க வைப்பதும் உதவாது. விளையாட்டில் வரும் மூளை அதிர்ச்சி பற்றி 2022இல் ஆம்ஸ்டர்டாமில் நடந்த மாநாட்டின் வல்லுநர்கள், முதல் ஓரிரு நாள் ஓய்வுக்குப் பின் நடை போன்ற லேசான அசைவையே பரிந்துரைக்கிறார்கள். பக்கத்திலேயே தித்திவங்சா ஏரி இருக்கிறது, மாலையில் கூட்டிப் போங்கள். பந்தாட்டம் மட்டும் மருத்துவர் சொன்ன பிறகு.

ஆஸ்திரேலியாவில் 2002இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அடிபட்ட முதல் வாரத்திலேயே விளக்கக் கையேடு பெற்றவர்களுக்கு மூன்று மாதம் கழித்துத் தொல்லைகள் குறைவாக இருந்தன. ஸ்கேன் இயந்திரத்துக்குக் கோடிகளை ஒதுக்கும் நாம், பத்து நிமிடம் உட்கார்ந்து விளக்க ஓர் உளவியலாளருக்கும் பணம் ஒதுக்க வேண்டும்.

ஆறு வாரம் ஆகிவிட்டதால், மறுபடி மருத்துவரிடம் போய்க் கழுத்து, தூக்கம், மனநிலை மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ஓயாத வாந்தி, வலிப்பு, எழுப்ப முடியாத மயக்கம் என்றால் உடனே அவசரப் பிரிவுக்கு.