தேடுபொறி இல்லாத இணையத்தில் அனிமே தேடியது எப்படி?

1994-ஆம் ஆண்டு. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் கணினிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார் ஒரு மாணவர். 'ரன்மா ½' என்ற மாங்காவின் (ஜப்பானியச் சித்திரக்கதை) புதிய அத்தியாயம் ஜப்பானில் வந்துவிட்டது. அதை யாராவது ஆங்கிலத்தில் மொழிபெயர்த்திருக்கிறார்களா என்று அவருக்குத் தெரிய வேண்டும். இணைய இணைப்பு இருக்கிறது, இன்றுபோல் எதையும் தேடித்தரும் பெட்டிதான் இல்லை. அல்டாவிஸ்டா தேடுபொறி வர 1995 டிசம்பர் ஆகும், கூகுள் வர 1998 ஆகும். யாஹூ அப்போதுதான் இரண்டு மாணவர்கள் கையால் தொகுத்த பட்டியலாகத் தலைகாட்டியிருக்கிறது. ஆனாலும் அவரைப் போன்றவர்கள் தேடியதைக் கண்டுபிடிக்கத்தான் செய்தார்கள்.

அன்றைய இணையத்துக்குத் தன் வயிற்றில் என்ன இருக்கிறது என்றே தெரியாது. தெரிந்துவைத்திருந்தவர்கள் மாங்காவுக்கும் அனிமேக்கும் (ஜப்பானியக் கார்ட்டூன் படங்கள்) ரசிகர்களாக இருந்தவர்கள். அதனால் ஒரு கோப்பைத் தேடுவதும் அதைப் பற்றித் தெரிந்த ஆளைத் தேடுவதும் அன்று ஒரே வேலை. அந்த ஆட்களை ஒருவரோடொருவர் கோத்துவைத்த நிரல்கள் எளிமையானவை, ஆனால் கெட்டிக்காரத்தனமானவை.

முதலில் யூஸ்நெட். டியூக் பல்கலைக்கழக மாணவர்களான டாம் ட்ரஸ்காட்டும் ஜிம் எல்லிஸும் 1979-ல் யோசித்து, 1980-ல் ஓட ஆரம்பித்த ஏற்பாடு; தலைப்புவாரியான குழுக்களில் மடல் போட்டுப் பேசிக்கொள்வார்கள். 1987 வாக்கில் அதன் குழுக்களுக்கெல்லாம் புதுப் பெயர் வைத்து ஒழுங்குபடுத்தினார்கள். பொழுதுபோக்குக்கு 'ரெக்' என்று ஒரு கிளை கிடைத்தது. அந்தக் கிளையில்தான் 'ரெக்.ஆர்ட்ஸ்.அனிமே' குழு இருந்தது. பின்னர் கூட்டம் தாங்காமல் அது பல குழுக்களாகப் பிரிந்தது. மாங்காவுக்கும் தனியாக ஒன்று உண்டு.

யூஸ்நெட்டுக்குத் தலைமையகம் கிடையாது. ஒவ்வொரு கல்லூரியிலும் நிறுவனத்திலும் ஒரு செய்திச் சேவையகம் இருக்கும். நீங்கள் எழுதிய மடல் முதலில் உங்கள் கல்லூரிச் சேவையகத்தில் விழும். அது தனக்குத் தெரிந்த நாலைந்து சேவையகங்களுக்கு அனுப்பும், அவை தமக்குத் தெரிந்தவற்றுக்கு அனுப்பும். கிராமத்தில் துக்கச் செய்தி பரவுகிற அதே விதம்தான்: சொல்ல வருபவரிடம் "எங்களுக்குத் தெரியும்" என்றால் அவர் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்.

"எங்களுக்குத் தெரியும்" என்பதைக் கணினி எப்படிச் சொல்லும்? ஒவ்வொரு மடலுக்கும் உலகத்தில் வேறெதற்கும் இல்லாத ஓர் அடையாள எண் உண்டு. 1986-ல் வந்த பரிமாற்ற நெறிமுறைப்படி, ஒரு சேவையகம் முழு மடலையும் தூக்கிக்கொண்டு வராது. முதலில் அடையாளத்தை மட்டும் காட்டி 'என்னிடம் இது இருக்கிறது' என்னும். வேண்டுமென்றால் மற்றது 335 என்று பதில் சொல்லும். ஏற்கெனவே வந்திருந்தால் 435, அவ்வளவுதான் பேச்சு. இதோடு மடலின் தலைப்பகுதியில் அது கடந்துவந்த சேவையகங்களின் பெயர்களும் வரிசையாக ஒட்டிக்கொண்டே வரும். அதில் ஏற்கெனவே பெயர் இருக்கும் இடத்துக்கு மறுபடி அனுப்ப மாட்டார்கள். இந்த இரண்டு விதிகளை வைத்துக்கொண்டு, நடுவில் ஆளே இல்லாமல், ஒரு கேள்வி டோரண்டோவிலும் கலிஃபோர்னியாவிலும் ஒன்றுபோலப் போய் இறங்கியது. வட்டில் இடம் இல்லாததால் பழைய மடல்களைச் சில நாட்களிலோ வாரங்களிலோ சேவையகம் அழித்துவிடும். அதனால்தான் அடிக்கடி வரும் கேள்விகளுக்கான பதில் தொகுப்பைக் குழுக்காரர்கள் குறிப்பிட்ட இடைவெளியில் மறுபடி மறுபடி போட்டுக்கொண்டே இருந்தார்கள். புதிதாக வந்தவர் அதைப் படிக்காமல் கேள்வி கேட்டால் திட்டு விழும். அந்தத் திட்டிலும் ஒரு நியாயம் இருந்தது: ஒரே கேள்வி ஆயிரக்கணக்கான வட்டுகளில் இடத்தைத் தின்னும்.

சரி, நம் மாணவருக்கு யாரோ பதில் போடுகிறார்: 'இன்ன எஃப்டிபி தளத்தில் இருக்கிறது, எடுத்துக்கொள்'. எஃப்டிபி என்பது வேறொரு கணினியிலிருந்து கோப்புகளை இறக்கிக்கொள்ளும் வழி. பொதுவில் திறந்து வைத்திருந்த எஃப்டிபி தளங்களில் 'அனானிமஸ்' என்ற பெயரில் நுழையலாம். கடவுச்சொல்லாக மின்னஞ்சல் முகவரியைத் தருவது மரியாதை. பதிலே வரவில்லையென்றால் ஆர்ச்சி என்ற நிரல் இருந்தது. 1990-ல் மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஆலன் எம்டேஜ் உருவாக்கியது. எஃப்டிபி தளங்களை ஏறக்குறைய மாதம் ஒருமுறை சுற்றிவந்து கோப்புப் பெயர்களைப் பட்டியலாக்கி வைத்துக்கொள்ளும். பெயர்களை மட்டும்தான். கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. டாஸ் கணினிகளில் பெயருக்கு எட்டு எழுத்துதான் அனுமதி என்பதால் ஆளாளுக்கு ஒரு மாதிரி பெயரைச் சுருக்கிவைத்திருப்பார்கள். அந்தச் சுருக்கத்தை ஊகிக்கத் தெரிந்தவருக்கே ஆர்ச்சி பயன்பட்டது. ஆக, இங்கேயும் ஆள் தேவை.

ஜப்பானிய மொழியிலேயே நேரடியாகப் படிக்க முயன்றவர்களுக்கு வேறொரு தொல்லை. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். அன்றைய மின்னஞ்சல், செய்திப் பாதைகள் பலவும் ஒரு பைட்டில் 7 பிட்களை மட்டுமே நம்பிக் கடத்தும். அதாவது 128 குறிகள். ஜப்பானியத் தரப்பட்டியலிலோ 6,879 எழுத்துகளும் குறிகளும். இதற்கு ஜப்பானியர்கள் கண்ட வழி: 94-க்கு 94 என்று ஒரு கட்டம் போட்டு, ஒவ்வோர் எழுத்துக்கும் வரிசை எண், இட எண் என இரண்டு பைட் கொடுப்பது. அந்த இரண்டும் சாதாரண ஆங்கில எழுத்துகளாகவோ குறிகளாகவோதான் பயணிக்கும். 'இங்கிருந்து ஜப்பானியம்' என்று சொல்ல முன்னால் ஒரு எஸ்கேப் குறித்தொடர், முடிந்ததும் 'மறுபடி ஆங்கிலம்' என்று சொல்ல இன்னொன்று.

எஸ்கேப் என்பது கண்ணுக்குத் தெரியாத கட்டுப்பாட்டுக் குறி. வழியில் ஏதாவது ஒரு சேவையகம் 'இது என்ன குப்பை' என்று அதை மட்டும் உருவிப் போட்டுவிட்டால் கதை முடிந்தது. அயற்சொற்களை எழுத ஜப்பானியர்கள் பயன்படுத்தும் கத்தகானா எழுத்துகள் ஐந்தாவது வரிசையில் இருக்கின்றன. அந்த வரிசையின் பைட் ஆங்கிலத்தில் சதவீதக் குறி. அதனால் கத்தகானாவில் எழுதிய 'அனிமே' என்ற மூன்றெழுத்துச் சொல் திரையில் இப்படி வரும்: சதவீதக் குறி, இரட்டை மேற்கோள், சதவீதக் குறி, கே, சதவீதக் குறி, ஏ. ஜப்பானிய உரைநடையில் நிறைந்திருக்கும் ஹிராகானா எழுத்துகள் நான்காவது வரிசை, அதற்கு டாலர் குறி. ஆகவே திரை முழுக்க டாலராகக் கொட்டிக் கிடந்தால் அது ஜப்பானிய உரைநடை என்று ஊகிக்கலாம். சதவீதம் அதிகமென்றால் அயற்பெயர்கள் நிறைய வருகின்றன என்று பொருள். எஸ்கேப் குறித்தொடரில் மிச்சமிருக்கும் டாலரையும் பி எழுத்தையும் அடையாளம் வைத்து, விழுந்துபோன எஸ்கேப்பைத் திரும்பச் செருகுவதற்கென்றே சின்ன நிரல்கள் புழங்கின. பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் 'வணக்கம்' என்ற சொல் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத் தெரிந்ததைப் பார்த்தவர்களுக்கு இந்த வலி புதிதல்ல.

இணையத்தில் ஓடியது பெரும்பாலும் உரைதான். ஏன் என்பதற்குக் கணக்கே பதில். வினாடிக்கு 14,400 பிட் மோடத்தில் 40 கிலோபைட் மொழிபெயர்ப்பு வசனத்தாள் அரை நிமிடத்துக்குள் இறங்கிவிடும். பின்னாளில் ஒரு அரைமணி அத்தியாயத்துக்கு வழக்கமான 175 மெகாபைட் கோப்பை அதே மோடத்தில் இறக்கினால் ஒரு நாளைக்கு மேல் ஆகும். எனவே வசனம் கம்பியிலும் படம் தபாலிலும் போயின. ரசிகர்கள் அமிகா கணினியில் வசனத்தைத் தட்டச்சு செய்து, ஜென்லாக் என்ற கருவி வழியாகப் படத்தோடு சேர்த்தார்கள். கணினித் திரையின் ஒவ்வொரு வரியும் வீடியோவின் வரியோடு ஒரே தாளத்தில் ஓடும்படி ஜென்லாக் பிடித்துக்கொள்ளும். பின்னணி நிறம் இருக்கும் இடமெல்லாம் வீடியோ தெரியும், எழுத்து இருக்கும் இடத்தில் எழுத்து தெரியும். இந்தக் கலவையை இன்னொரு விசிஆர் பதிவு செய்யும். வேண்டியவர்கள் காலிக் கேசட்டையும் தபால்தலை ஒட்டிய சுயமுகவரி உறையையும் அனுப்பிவைப்பார்கள். பிரதிக்குப் பிரதி எடுக்க எடுக்க நிறம் கசியும், எழுத்தின் ஓரம் கலங்கும். 'விற்பனைக்கோ வாடகைக்கோ அல்ல' என்று படத்தின் மேலேயே எழுதிவைத்தாலும் சட்டப்படி அது பதிப்புரிமை மீறல்தான். உள்ளூரில் உரிமம் வாங்கப்பட்டால் விநியோகத்தை நிறுத்துவது என்ற கட்டுப்பாட்டை அவர்களில் பலர் வைத்திருந்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அப்புறம் உலகளாவிய வலை பரவியது. 1995-ல் அனிமே வெப் டர்ன்பைக் என்ற கையால் தொகுத்த பட்டியல் தொடங்கியது. ரசிகர்கள் செல்லமாக அனிபைக் என்பார்கள். ஜியோசிட்டீஸ் என்ற சேவை வலைப்பக்கம் வைக்க இலவச மனைகளைப் பேட்டை பேட்டையாகப் பிரித்துக் கொடுத்தது, அனிமே பக்கங்களுக்கு 'டோக்கியோ' பேட்டை. இந்தக் காலத்தில் அல்டாவிஸ்டாவும் இருந்தது, ஆனால் அனிமே பக்கம் என்றால் பெரும்பாலும் படங்கள். படத்தில் தேடுவதற்குச் சொல் இல்லை. சொல் இருந்தாலும் எது உருப்படியான பக்கம், எது வெறும் 'கட்டுமானப் பணி நடக்கிறது' பலகை என்று எந்திரத்துக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

அதைப் பிரித்தது வெப்ரிங். ஒரே தொடரைப் பற்றிய பக்கங்களெல்லாம் வளையமாகக் கோத்துக்கொள்ளும். ஒவ்வொன்றின் அடியிலும் 'முந்தையது', 'அடுத்தது', 'ஏதாவது ஒன்று' என்ற இணைப்புகள். அடுத்த பக்கத்தின் முகவரியை நேரடியாக எழுதிவைத்தால் நடுவில் ஒரு பக்கம் செத்ததும் வளையம் அறுந்துவிடும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் பள்ளி மாணவராக இருந்த சேஜ் வைல் இதற்கு ஒரு வழி கண்டார். இணைப்பு அடுத்த பக்கத்துக்குப் போகாது. 'நான் 17-ஆம் உறுப்பினர், அடுத்தது யார்?' என்று மையச் சேவையகத்திடம் கேட்கும். அங்கிருக்கும் நிரல் பட்டியலைப் பார்த்து உலாவியை 18-க்குத் திருப்பிவிடும். 18 மூடப்பட்டிருந்தால் வளையத் தலைவர் பட்டியலில் ஒரு வரியை நீக்கினால் போதும், மற்ற எவரும் தங்கள் பக்கத்தைத் தொட வேண்டியதில்லை. சேர விரும்பும் பக்கத்தைத் தலைவர் பார்த்துத்தான் அனுமதிப்பார் என்பதால் தரமும் ஓரளவு தேறியது. எது நல்ல பக்கம் என்பதற்கு மற்றவர்கள் கொடுக்கும் இணைப்பே சாட்சி என்று கூகுள் பின்னர் கணக்குப் போட்டதே, அதைக் கணக்கில்லாமல் கையால் செய்துகொண்டிருந்தார்கள் இவர்கள்.

பதிவுகள் எஞ்சியதிலும் இந்த வடிவங்களின் வித்தியாசம் தெரிகிறது. யூஸ்நெட் மடல்கள் ஆயிரம் இடங்களில் பிரதியானதால் யாராவது ஒருவர் வைத்திருக்க வாய்ப்பு இருந்தது. டோரண்டோ பல்கலைக்கழக விலங்கியல் துறையில் ஹென்றி ஸ்பென்சர் 1981 முதல் 1991 வரை மடல்களைக் காந்த நாடாவில் ஏற்றி வைத்தார். 141 நாடாக்கள், சுமார் 20 லட்சம் மடல்கள். அவை கூகுளிடம் போய் 2001-ல் பொதுவுக்கு வந்தன. ஜியோசிட்டீஸோ ஒரே இடத்தில் இருந்தது; 2009 அக்டோபரில் யாஹூ அதை மூடியது, தன்னார்வலர்கள் முடிந்தவரை அள்ளினார்கள். அப்படிக் காப்பாற்றிய அனிமே பக்கத்தை இன்று திறந்தால் வளையத்தின் பட்டை அடியில் அப்படியே இருக்கும். 'அடுத்தது' என்பதை அழுத்தினால் பெரும்பாலும் எங்கும் போகாது. பட்டியல் அந்தப் பக்கத்தில் இருந்ததே இல்லை, மையச் சேவையகத்தில்தான் இருந்தது. உறுப்பினர் பட்டியல் தனிப் பக்கமாக, பழைய வலைப்பக்கங்களைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷினில் சிக்கியிருந்தால் மட்டும், ஒவ்வொரு முகவரியாகக் கையால் இட்டுப் பார்க்கலாம்.