பரிமாற்ற வடிகட்டியா, கியர்பெட்டி வடிகட்டியா?

பழைய ஆட்டோமேட்டிக் காரைப் பேணுவது பற்றித் தமிழில் எதைத் தேடினாலும் "பரிமாற்ற வடிகட்டியைச் சேவை செய்யவும்" என்ற வரி வந்து நிற்கிறது. கூடவே "பரிமாற்ற திரவம்", "எண்ணெய் வாணலி". டிரான்ஸ்மிஷன் ஃபில்டரை, அதாவது கியர்பெட்டியின் எண்ணெயை வடிகட்டும் பாகத்தைத்தான் இப்படி எழுதியிருக்கிறார்கள். இந்த வரியைப் படிக்கிற கார்க்காரர் எந்த போல்ட்டைக் கழற்றுவார், எதை வாங்கி மாட்டுவார்?

முதலில் பொருள் என்னவென்று பார்த்துவிடலாம். ஆட்டோமேட்டிக் கியர்பெட்டியின் அடியில் சம்ப் என்ற எண்ணெய்த் தட்டு இருக்கும், 'எண்ணெய் வாணலி' என்று எழுதுவது இதைத்தான். அதில் சிவப்பாக ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஃப்ளூயிட்) எண்ணெய் நிற்கும். அந்த எண்ணெயை பம்ப் உறிஞ்சுகிற வாயில் தட்டையான ஒரு கூடு பொருத்தியிருப்பார்கள். அதுதான் இந்த ஃபில்டர். கிளட்ச் தகடுகள் தேய்ந்து உதிரும் தூளையும் எஃகுத் துகளையும் அது பிடித்துக்கொள்ளும். அடைத்துக்கொண்டால் பம்புக்கு எண்ணெய் போதாது. கியரை 'டி'யில் (டிரைவ்) போட்டதும் வண்டி உடனே நகராது, கியர் வழுக்கும், அடியிலிருந்து ஊளைச் சத்தம் வரும்.

ஃபில்டர் என்ற சொல் இடைக்கால லத்தீனின் 'ஃபில்ட்ரம்' என்பதிலிருந்து வந்தது. கம்பளி இழைகளை அழுத்திச் செய்யும் துணிக்கு, அதாவது ஃபெல்ட்டுக்கு, அந்தப் பெயர். பல கியர்பெட்டி ஃபில்டர்களுக்குள் இன்றைக்கும் இருப்பது அழுத்திய இழைத் துணிதான். டிரான்ஸ்மிஷனில் 'டிரான்ஸ்' என்றால் அப்பால், 'மிட்டெரெ' என்றால் அனுப்புதல். எஞ்சினின் விசையைச் சக்கரத்துக்கு அனுப்புவது என்று பொருள்.

சிக்கல் 'பரிமாற்றம்' என்ற சொல்லில் இருக்கிறது. கருத்துப் பரிமாற்றம், பணப் பரிமாற்றம், கைதிகள் பரிமாற்றம் என்றெல்லாம் சொல்கிறோம். இரண்டு பக்கம் இருக்க வேண்டும், கொடுப்பதும் வாங்குவதும் நடக்க வேண்டும். கியர்பெட்டியின் வேலை எஞ்சினிடம் வாங்கிய விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுசேர்ப்பது. சோறு பரிமாறுவது ஒருவழி வேலைதானே என்று ஒருவர் கேட்கலாம். சரி, ஆனால் பந்தியில் 'பரிமாற்றம்' நடக்கிறது என்று யாரும் சொல்வதில்லையே. கியர்பெட்டி வேகத்தைக் குறைத்து முறுக்குவிசையைக் கூட்டித் தருகிறது, அதனால் 'மாற்றம்' பொருந்தும் என்றும் வாதாடலாம். அப்படியானால் மாற்றம் என்றே சொல்லியிருக்க வேண்டும். 'பரி' சேர்ந்ததும் பொருள் வேறு பக்கம் போய்விடுகிறது.

இதைவிடப் பெரிய குழப்பம் அதே காருக்குள்ளேயே இருக்கிறது. ஏடிஎஃப் சூடாகும், அதைக் குளிர வைக்கப் பெரும்பாலான கார்களில் ரேடியேட்டருக்குள் ஒரு கூலர் வைத்திருப்பார்கள். எண்ணெயின் சூடு அங்கே தண்ணீருக்குக் கைமாறும். அப்படிப்பட்ட கருவிக்குப் பாடநூல்களில் 'வெப்பப் பரிமாற்றி' என்று நல்ல பெயர் நிலைத்துவிட்டது. அதைப் படித்தவருக்கு 'பரிமாற்ற வடிகட்டி' என்றால் ரேடியேட்டரோடு சேர்ந்த ஏதோ ஒன்று என்றுதானே தோன்றும்? அவர் மேல் குற்றமில்லை. ஒரே வண்டியில் ஒரே சொல்லை இரண்டு வேலைக்குப் போட்ட மொழிபெயர்ப்பாளர் மேல்தான் குற்றம்.

டிரான்ஸ்மிஷன் என்ற இதே ஆங்கிலச் சொல் மின்துறைக்கு வந்தபோது தமிழ்நாட்டில் 'மின் தொடரமைப்பு' என்று பெயர் வைத்தார்கள். அங்கே என்ன நடக்கிறது என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். கார் விஷயத்தில் அந்த அக்கறையைக் காணோம். அகராதியில் முதலில் கிடைத்த சொல்லை எடுத்து ஒட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

பொதுவாகச் சொல்ல 'செலுத்தம்' இருக்கிறது. வண்டி செலுத்துகிறோம், வரி செலுத்துகிறோம். இரண்டும் ஒரு திசையில் போகிற வேலை. 'விசைச் செலுத்தம்' என்று பாடநூலில் எழுதினால் நான் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்வேன். ஆனால் வண்டிக்கு அடியில் படுத்திருப்பவருக்கு 'கியர்பெட்டி' போதும். எஞ்சின் விசையை எண்ணெய் வழியாகக் கியர்பெட்டிக்குக் கொடுக்கும் டார்க் கன்வர்ட்டரும் சேர்ந்ததுதானே டிரான்ஸ்மிஷன் என்று மறுப்பவர்கள் உண்டு. இருக்கட்டும், நாம் தேடுகிற வடிகட்டி அந்தப் பெட்டியின் சம்பில்தானே இருக்கிறது.

ஆனால் எளிமை என்று சொல்லிக்கொண்டு 'கியர் ஆயில் ஃபில்டர்' என்று எழுதுவதையும் நான் ஒப்பமாட்டேன். கியர் ஆயில் என்பது மேனுவல் கியர்பெட்டிக்கும், சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலுக்கும் ஊற்றுகிற கெட்டியான எண்ணெய். 80டபிள்யூ-90 என்று டப்பாவில் போட்டிருக்கும். பெயரை நம்பி அதை ஆட்டோமேட்டிக்கில் ஊற்றினால் கியர்பெட்டியே போய்விடும். அப்புறம், அம்பாசடர் மாதிரியான பழைய மேனுவல் கார்களின் கியர்பெட்டியில் இப்படி ஒரு வடிகட்டியே கிடையாது. பல்சக்கரங்கள் வாரியடிக்கிற எண்ணெயே அங்கே போதும். அதனால் கார் பராமரிப்பு பற்றி எழுதும் கட்டுரையின் தலைப்பிலாவது 'ஆட்டோமேட்டிக்' என்ற சொல் இருந்தே ஆக வேண்டும்.

இனி, ஃபில்டருக்கு இன்னொரு பெயரான 'வடிப்பான்'. கணினிக்காரர்களிடம் புழங்குகிற சொல். படங்களுக்கும் மின்னஞ்சலுக்கும் அங்கே பொருந்தலாம். எண்ணெய்க்குப் பொருந்தாது. சாராயத்தை வடிக்கிறோம், பேட்டரிக்கு வடிநீர் ஊற்றுகிறோம். அங்கெல்லாம் வடித்தல் என்றால் காய்ச்சிக் குளிரவைத்து எடுப்பது. 'வடிகட்டி' என்றால் சமையலறை முதல் பட்டறை வரை யாருக்கும் ஐயம் வராது.

இன்னொரு பழைய சொல்லை மீட்கலாம் என்று எனக்கு ஆசை உண்டு: 'அரிப்பு'. அரித்தல் என்றால் சலித்துப் பிரித்தல். கடை மாணாக்கனுக்கு நன்னூல் உவமையாகச் சொல்வது 'நெய்யரி'யை. நெய்யை ஒழுகவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்ளும் பன்னாடை அது. மாணவனுக்கு இழிவான அந்தக் குணம்தான் காரின் வடிகட்டிக்கு வேண்டிய குணம். பழைய கியர்பெட்டிகள் சிலவற்றில் இருப்பது உலோகக் கம்பிவலை. பெரிய துகளை மட்டும் பிடிக்கும், கழுவித் திரும்ப மாட்டலாம். அதை 'அரிப்பு' என்றும், உள்ளே இழைத் துணி வைத்ததை 'வடிகட்டி' என்றும் பிரித்துச் சொன்னால், எதைக் கழுவலாம், எதைத் தூக்கிப்போட வேண்டும் என்பது பெயரிலேயே தெரிந்துவிடும். இழைத் துணியைக் கழுவினால் உள்ளே சிக்கிய தூள் முழுதாகப் போகாது.

'சேவை செய்யவும்' என்பது எதையும் தெரிந்துகொள்ளாமல் எழுதுவதன் உச்சம். கோயிலில் பெருமாளைச் சேவிக்கிறோம். வடிகட்டியை மாற்றுகிறோம், அரிப்பைக் கழுவுகிறோம். ஆங்கில மூலத்தில் 'சர்வீஸ்' என்று ஒரே வினை இருந்தால் தமிழிலும் ஒரே வினை இருக்க வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? ஜெனரல் மோட்டார்ஸ் தன் 1964 மாடல் கார்களில் கொண்டுவந்த டர்போ ஹைட்ராமேட்டிக் 400 என்ற ஆட்டோமேட்டிக் கியர்பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வடிகட்டியோடு ஓர் உறிஞ்சுகுழாய் வரும். குழாய் மேலே செருகும் இடத்தில் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் ஒன்று உண்டு. பழைய ஓ-ரிங்கை உள்ளேயே விட்டாலோ, புதியதைப் போட மறந்தாலோ, பம்ப் எண்ணெயோடு காற்றையும் இழுக்கும். புது வடிகட்டி மாட்டியும் பயனிருக்காது. 'சேவை செய்யவும்' என்ற இரண்டு சொல்லில் இந்த வளையம் எங்கே இருக்கிறது?

அந்த 400க்கு நான் எழுதுவதானால் இப்படித்தான் எழுதுவேன்: "ஆட்டோமேட்டிக் கியர்பெட்டியின் சம்பைக் கழற்றி, வடிகட்டியையும் அதன் ஓ-ரிங்கையும் புதிதாக மாற்றவும். சம்பைத் துடைத்துப் புது கேஸ்கெட் வைத்து, போல்ட்டுகளை ஒரே சீராக முறுக்கவும். டார்க் கன்வர்ட்டருக்குள் பழைய எண்ணெய் மிச்சம் இருக்கும் என்பதால் கொள்ளளவு முழுவதையும் ஊற்றிவிடாமல், கையேடு சொல்லும் ஏடிஎஃப்பைச் சிறிது சிறிதாக ஊற்றி எண்ணெய் அளவுகோலில் (டிப்ஸ்டிக்) பார்க்கவும்."