ரத்தத்தில் சளி கலக்குமா?

"பையனுக்கு இயோசினோபில் 12 சதவீதம் வந்திருக்கிறது. ரத்தத்தில் சளி கலந்துவிட்டது என்கிறார்கள், மந்திரிக்கவும் சொல்கிறார்கள்" என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். சளி ரத்தத்துக்குள் போகவே போகாது. உங்கள் பரிசோதனைத் தாள் சொல்வது இயோசினோபில் என்ற ஒரு வகை வெள்ளையணுவின் கணக்கு. வழக்கமாக வெள்ளையணுக்களில் நூற்றுக்கு நாலைந்துக்குள்தான் இருக்கும். இயோசின் என்ற சாயத்தில் சிவப்பாக ஊறுவதால் இந்தப் பெயர். 1879இல் ஜெர்மன் மருத்துவர் பால் எர்லிக் வைத்தது.

இந்த அணுவின் முக்கிய வேலை, உடலுக்குள் புகும் புழுக்களை எதிர்ப்பது. கிருமியை வெள்ளையணு விழுங்கும், பள்ளியிலேயே படித்தோம். புழுவை எப்படி விழுங்குவது? நுரையீரல் வழியாகப் போகும் இளம்புழுகூட அந்த அணுவைவிடப் பல மடங்கு பெரிது. அதனால் இயோசினோபில்கள் கூட்டமாக வந்து புழுவின் மேல் அட்டைபோல் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டுவதற்குப் பிடி, புழுவின் மேல் ஏற்கெனவே படிந்திருக்கும் எதிர்ப்புரதங்கள் (ஆன்டிபாடி). பிறகு தங்களுக்குள் இருக்கும் நஞ்சுத் துகள்களைப் புழுவின் தோலிலேயே கொட்டுகின்றன. அதில் முக்கியமான புரதம் நேர்மின்னூட்டம் கொண்டது. எதிர்மின்னூட்டமுள்ள சவ்வைப் பற்றிக்கொண்டு ஓட்டை போட்டுவிடும். இவ்வளவு கொடிய சரக்கைச் சுமக்கும் அணு எப்படிப் பிழைக்கிறது? துகளின் நடுவே அந்தப் புரதம் படிகமாக இறுகிக் கிடக்கிறது. படிகமாக இருக்கும்வரை சாது, வெளியே வந்து கரைந்தால்தான் நஞ்சு! எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களில் அந்தப் படிகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

ஒவ்வாமையிலும் இயோசினோபில் கூடும், ஆனால் அங்கே புழுவே இல்லை. தூசியைப் புழுவென்று நினைத்து உடல் ஐஜிஇ என்ற வகை எதிர்ப்புரதத்தைத் தயாரிக்கிறது. திசுக்களில் இருக்கும் மாஸ்ட் அணுக்கள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்ட, சில நிமிடங்களில் தும்மல். சில மணி நேரம் கழித்து இயோசினோபில்கள் வந்து அதே நஞ்சை நம் மூச்சுக்குழாய்ச் சுவரில் கொட்டுகின்றன. இழுப்பு அப்படித்தான் வலுக்கிறது.

ஆந்திரத்தில் மதனப்பள்ளி பக்கத்திலுள்ள ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனையில், 1940இல் பிரிமோட் மோலர், பார்ட்டன் என்ற மருத்துவர்கள் காசம் போலவே தெரிந்த, ஆனால் காசமில்லாத ஒரு நோயைப் பதிவு செய்தார்கள். நெஞ்சுப் படத்தில் நிழல், ரத்தத்தில் இயோசினோபில் குவியல். காரணம் யானைக்கால் புழு என்பது பிற்பாடு தெரிந்தது. இன்று டைஎத்தில்கார்பமசைன் மாத்திரையில் குணமாகிறது. ஏழைகளின் உடம்பில் வாழும் இந்தப் புழுக்களைப் பற்றிய ஆராய்ச்சிக்கு நம் அரசுகள் இன்னும் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பேன்.

உங்கள் பையனுக்குப் புழுவா, ஒவ்வாமையா என்பதை 12 என்ற எண் மட்டும் சொல்லாது. மந்திரிக்கப் போவதற்குப் பதிலாக மருத்துவரிடம் மலப் பரிசோதனை வேண்டுமா என்று கேளுங்கள். இரவில் இருமுகிறானா என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.