சாம்பாரில் காணாமல் போகும் காய்

2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது நினைவிருக்கும். பண்ணைப் பசுமைக் கடைகளில் அரசே அறுபது ரூபாய்க்கு விற்க வேண்டிய நிலை வந்தது. அந்த மாதம் நான் ஓர் ஒன்றியத்தில் சத்துணவு மையங்களைச் சுற்றிக்கொண்டிருந்தேன். படித்தது உணவியல். அமைப்பாளர்களுக்கும் சமையலர்களுக்கும் பயிற்சி கொடுப்பது வேலை.

ஒரு மையத்தில் அன்றைக்குத் தக்காளி சாதம். தட்டில் விழுந்தது மஞ்சள் தூள் நிறத்தில் இருந்தது. கரண்டியால் கிளறிப் பார்த்தேன். ஒரு தோல் தட்டுப்பட்டது, அவ்வளவுதான்.

"என்னக்கா, தக்காளியைக் காணோம்?"

"இருக்கு மேடம். தேடணும்" என்றார் அமைப்பாளர். சிரிக்கவில்லை. உள்ளே போய் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து வந்து காட்டினார். அரசு கொடுத்த பதிவேடு அல்ல, அவராகவே எழுதி வைத்தது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் சந்தையில் என்ன விலைக்கு என்ன காய் வாங்கினார் என்ற கணக்கு. அந்த நோட்டைப் பார்த்த பிறகு, செலவுக் கட்டுப்பாடு பற்றி நான் வகுப்பெடுக்கும் விதமே மாறிவிட்டது.

வெளியில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. சத்துணவு மையத்துக்கு எல்லாமே பணமாக வருவதில்லை. அரிசி, பருப்பு, எண்ணெய், உப்பு எல்லாம் நுகர்பொருள் வாணிபக் கழகம் வழியாகப் பொருளாகவே வந்து இறங்கும். முட்டை தனி டெண்டரில் வரும், மேலே அரசு முத்திரையோடு. அமைப்பாளர் கையில் காசாக வருவது உணவூட்டுச் செலவினம் என்ற ஒரு சிறு தொகை. காய்கறி, மசாலாச் சாமான், எரிபொருள் எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். பருப்பு விலை ஏறினால் அந்தச் சுமை கழகத்தின் மேல் விழும். முட்டை விலை ஏறினால் டெண்டர் எடுத்தவரும் துறையும் பார்த்துக்கொள்வார்கள். தக்காளி விலை ஏறினால் அது நேராக அமைப்பாளர் மடியில்தான் விழும்.

அவர் எதைக் குறைப்பார்? அரிசியைக் குறைத்தால் இருப்பு உதைக்கும். முட்டையைக் குறைத்தால் ஊரே கேட்கும். எரிபொருள் இல்லாமல் அடுப்பு எரியாது. மிஞ்சுவது காய்தான். சாம்பாரில் காய் நாலு துண்டு குறைந்தால் யாரும் புகார் எழுதப் போவதில்லை.

மத்திய அரசின் பள்ளி மதிய உணவுத் திட்டமான பி.எம். போஷன் விதிப்படி தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு அரிசி 100 கிராம், பருப்பு 20 கிராம், காய்கறி 50 கிராம், எண்ணெய் 5 கிராம். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை இதே வரிசையில் 150, 30, 75, ஏழரை கிராம். தானியம் தவிர்த்த மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து 2022 அக்டோபரில் தொடக்கப் பள்ளிக் குழந்தை ஒருவருக்கு ஒரு நாளைக்கு வைத்த விலை 5 ரூபாய் 45 காசு. அது 2024 நவம்பர் முடியும்வரை அப்படியே நின்றது. டிசம்பரில் 6.19 ஆனது, 2025 மே முதல் 6.78. தேதிகளைக் கவனியுங்கள். தக்காளி ஆகாயத்துக்குப் போன 2023, நடுவில் சிக்கிக்கொண்டது.

அந்த நாளின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அந்த மையத்தின் 90 குழந்தைக்கு 5.45 வீதம் 490 ரூபாய் 50 காசு. பொருளாக வரும் பருப்பு, எண்ணெயின் விலையும் மசாலா, எரிபொருள், காய் எல்லாமும் இதற்குள் அடக்கம். தக்காளி சாதத்துக்கு மனசாட்சியோடு தக்காளி போட்டால் நாலு கிலோவாவது வேண்டும். கிலோ 120 ரூபாய் என்றால் 480. மீதிப் பத்தரை ரூபாய்தான் மற்ற எல்லாவற்றுக்கும். இது மத்திய அரசின் குறைந்தபட்ச அளவுகோல், மாநிலம் மேலே போட்டுக்கொள்ளலாம். தமிழ்நாடு போடவும் செய்கிறது, முட்டையே அதற்குச் சாட்சி. ஆனால் அந்தக் கூடுதல் காசு காய்க்கூடைக்கு எவ்வளவு வந்து சேர்கிறது என்பது வேறு கேள்வி.

இந்த விலையை எப்படித் திருத்துகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மத்தியத் தொழிலாளர் பணியகம் பல மாநிலங்களின் கிராமங்களிலிருந்து விலை சேகரித்து, கிராமப்புறத் தொழிலாளர்களுக்கான விலைக் குறியீட்டைத் தயாரிக்கிறது. அதை வைத்துத்தான் எவ்வளவு ஏற்றலாம் என்று முடிவு. முறையில் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் சராசரிக்குத் திடீர் ஏற்றம் தெரியாது. ஜூலையில் நூற்றிருபது, அக்டோபரில் இருபது என்றால் காகிதத்தில் எல்லாம் சமனாகிவிடும். ஜூலையில் சாப்பிட்ட குழந்தைக்கு அக்டோபரில் இரட்டிப்பாகத் தக்காளி போட முடியாது.

விலை வரம்பு ஒன்றும் புதிதல்ல. 1920-இல் சென்னை மாநகராட்சி, பிட்டி தியாகராயர் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பள்ளியில் சிற்றுண்டி போடத் தீர்மானித்தது. அந்தத் தீர்மானத்திலேயே ஒரு மாணவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் என்று இருந்தது. வரம்பு இருக்கட்டும், பொதுப்பணம்தானே. எந்தப் பொருளின் மேல் அந்த வரம்பு போய் இடிக்கிறது என்பதைத்தான் யாரும் பார்ப்பதில்லை.

காய் குறைந்தால் என்ன ஆகிவிடும் என்று ஒரு கூட்டத்தில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான், ஏனென்றால் கலோரிக் கணக்கில் ஒன்றும் ஆகாது. தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கு ஒரு வேளைக்கு 450 கலோரி வேண்டும். 100 கிராம் அரிசியே கிட்டத்தட்ட 350 கொடுத்துவிடும். பருப்பும் எண்ணெயும் சேர்ந்தால் இலக்கைத் தாண்டிவிடும். சாம்பாரில் காயே இல்லாவிட்டாலும் பதிவேடு பாஸ். இழப்பு கலோரியில் தெரியாத இடத்தில் இருக்கிறது. 2023-இல் சத்துணவுக்கு வந்தது செறிவூட்டிய அரிசி. 100 கிலோவுக்கு ஒரு கிலோ வீதம் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்த மணிகளைக் கலந்து அனுப்பினார்கள். அரிசி, பருப்பு, கீரையில் இருக்கும் இரும்பை உடம்பு நன்றாக உறிஞ்ச வைட்டமின் சி கூட இருந்தால் நல்லது. அது தக்காளி, எலுமிச்சை, நெல்லிக்காய், மாங்காயில் இருக்கிறது. ஒரு பக்கம் செலவு செய்து அரிசியில் இரும்பைச் சேர்த்துவிட்டு, இன்னொரு பக்கம் அந்த இரும்புக்குத் துணை போவதைச் சிக்கனம் என்று எடுத்துவிட்டோம்.

அந்தச் செறிவூட்டிய மணிக்கும் ஒரு கதை உண்டு. கொஞ்சம் நிறம் மாறித் தெரியும், சில சமயம் தண்ணீரில் மிதக்கும். பிளாஸ்டிக் அரிசி என்று வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பி, ஒரு சமையலர் முறத்தில் போட்டு மணி மணியாகப் பொறுக்கி எறிந்துகொண்டிருந்தார். அக்கறையில்தான் செய்தார். யாரும் அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை. நான் ஒரு பிடி எடுத்து வேக வைத்துக் காட்டிய பிறகுதான் நம்பினார். அதோடு அரிசியை நாலு தரம் தேய்த்துக் கழுவாதீர்கள், வேகவைத்த கஞ்சியைக் கொட்டாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சரி, காயில் கை வைக்காமல் எங்கே மிச்சம் பிடிக்கலாம்? அனுபவத்தில் பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் சாக்கு. ஐம்பது கிலோ அரிசி பிடிக்கும் சணல் சாக்கின் எடையே அரை கிலோவுக்கு மேல், புதுச் சாக்கு என்றால் 580 கிராம் வரும். சாக்கோடு நிறுத்து ஐம்பது என்று கையெழுத்துப் போட்டால், பத்துச் சாக்குக்கு 5.8 கிலோ போச்சு. 58 குழந்தைகளின் ஒரு நாள் அரிசி அது. கொக்கி போட்டு இழுத்துக் கிழிந்த சாக்கில் வழியில் சிந்தியது தனி. பல மையங்களில் தராசு இருக்கும், பேட்டரி இருக்காது. "லாரிக்காரர் நிக்க மாட்டேங்கிறார் மேடம்" என்பார்கள். அவர் நிற்க மாட்டார்தான். அதனால் ஒன்றிரண்டு சாக்கையாவது அவர் கண் முன்னால் நிறுத்துக் காட்டுங்கள் என்பேன். ஒரு முறை நிறுத்தால் அடுத்த முறை வரும் சாக்கு தானாகவே சரியாக இருக்கும்.

அடுத்தது தலைக்கணக்கு. காலை வகுப்பில் வருகை எடுத்தவுடன் எண்ணிக்கை அடுப்படிக்கு வர வேண்டும். வருவதில்லை. டீச்சர் மறந்துவிடுவார், சமையலர் நேற்றைய எண்ணிக்கைக்கு உலை வைப்பார். ஊரில் திருவிழா, பள்ளியில் பாதிப் பேர், பானையில் முழுச் சோறு. ஒரு பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தியிடம் ஒரு சிலேட்டைக் கொடுத்து, "ஒன்பதரைக்கு எல்லா வகுப்புக்கும் போய் எத்தனை பேர் சாப்பிடுவார்கள், எத்தனை பேருக்கு முட்டை, எத்தனை பேருக்கு வாழைப்பழம் என்று எழுதிக்கொண்டு வா" என்றார் அங்கிருந்த தலைமையாசிரியர். முட்டை சாப்பிடாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் உண்டு. அந்தச் சிலேட்டு செய்ததை எந்த மென்பொருளும் செய்து நான் பார்த்ததில்லை. எண்ணிக்கையைக் கூட்டி எழுதும் மையங்களும் உண்டு. எல்லாம் திருட்டு என்று சொல்லிவிட முடியாது. கைக்காசு போட்டுக் காய் வாங்கியவர், அதை வேறெப்படி ஈடுகட்டுவது என்று பத்துத் தலையைக் கூட்டுகிறார். அதுவும் குற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் தணிக்கையில் அதைப் பிடிப்பவர்கள் அந்தக் கைக்காசு எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை.

மூன்றாவது, குப்பைத் தொட்டி. எந்த மையத்துக்குப் போனாலும் நான் சமையலறைக்குப் போகும் முன் பிள்ளைகள் தட்டுக் கழுவும் இடத்துக்குத்தான் போவேன். அங்கே மிச்சம் கொட்டும் வாளி எல்லாவற்றையும் சொல்லிவிடும். 100 கிராம் அரிசி வெந்தால் கால் கிலோவுக்கு மேல் சோறு. ஒன்றாம் வகுப்புக் குழந்தை அவ்வளவு சாப்பிடாது. ஐந்தாம் வகுப்புப் பையனுக்கு அது போதாது. இருவருக்கும் ஒரே கரண்டி அளவில் போட்டால் ஒருவன் கொட்டுவான், இன்னொருவன் காலித் தட்டோடு நிற்பான். அளவு மையத்துக்குத்தான், ஒவ்வொரு தட்டுக்கும் அல்ல என்று சொன்னால் சில அமைப்பாளர்கள் பயப்படுகிறார்கள், ஆய்வுக்கு வருபவர் கேட்பாராம். சிறியவர்களுக்கு முதலில் ஒரு கரண்டி, கேட்டால் இன்னொன்று என்று வைத்தாலே வாளி பாதியாகிவிடுகிறது. காலை உணவுத் திட்டம் வந்த பள்ளிகளில் இது இன்னும் முக்கியம். எட்டரைக்குப் பொங்கல் சாப்பிட்ட பிள்ளைக்குப் பன்னிரண்டரைக்குப் பழைய பசி இருக்காது.

எரிபொருள் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கொண்டைக்கடலையை முந்தின இரவே ஊறப் போடுங்கள், பானையை மூடி வையுங்கள். கடலைப் புலவு அன்று காலையில் கடலையை ஊற வைத்து, பத்து மணிக்கு அடுப்பேற்றி, வேகாமல் தவிக்கும் மையம் ஒவ்வோர் ஒன்றியத்திலும் ஒன்றாவது இருக்கும்.

காயைப் பொறுத்தவரை, மாற்றிப் போடத் தெரிந்தால் போதும். தக்காளி விலை ஏறினால் எலுமிச்சை சாதத்தை முன்னால் கொண்டு வரலாம், அல்லது மாங்காய் போட்டுச் சாம்பார் வைக்கலாம். எலுமிச்சைச் சாற்றை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு பிழியுங்கள். கொதிக்க விட்டால் அந்த வைட்டமின் நிற்காது. புளி புளிப்பைக் கொடுக்கும், வைட்டமின் சி-க்கு அது ஈடாகாது. ஊரில் முருங்கை மரம் இல்லாத தெரு உண்டா? காசு கொடுத்து வாங்கும் நிறம் செத்த முட்டைகோஸைவிட, சும்மா கிடைக்கும் முருங்கைக்கீரை எத்தனையோ மேல். ஆனால் ஆய உட்கார வேண்டும், ஆள் வேண்டும். சமையலரும் உதவியாளரும் சேர்ந்து இருவர் இருக்க வேண்டிய இடத்தில் ஒருவர்தான் இருக்கிறார் என்றால், கீரை ஆயச் சொல்லி நான் எந்த முகத்தோடு கேட்பது? காலிப் பணியிடமும் காயைத் தின்னும்.

பெற்றோருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்வேன். "சோறு நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள், எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். "இன்னைக்கு என்ன காய், எத்தனை கிலோ?" என்று கேளுங்கள். 90 பிள்ளைக்கு 50 கிராம் வீதம் நாலரை கிலோ. அடுப்படியில் நறுக்கிய காயைப் பார்த்தாலே நாலரை கிலோவா ஒன்றரையா என்று வீட்டில் சமைக்கிற யாருக்கும் தெரியும். குறைவாக இருந்தால் உடனே சண்டைக்குப் போகாமல், போன மாதப் பணம் வந்துவிட்டதா என்றும் கேட்டுப் பாருங்கள்.

அந்த நாற்பது பக்க நோட்டுக்கு வருகிறேன். அன்றைக்கே நாலு பக்கத்தைப் படம் எடுத்து என் அறிக்கையோடு இணைத்து அனுப்பினேன். ஒவ்வொரு மையமும் வாரம் ஒருமுறை மூன்று காயின் சந்தை விலையை எழுதி அனுப்பினால், விலை எகிறும் மாதத்துக்கு மட்டும் ஒரு சிறு கூடுதல் தொகை கொடுக்கலாம் என்று இரண்டு வரி எழுதியிருந்தேன். பெற்றுக்கொண்டதாகப் பதில் வந்தது. இந்த ஆண்டு அதே மையத்துக்குப் போனபோது அமைப்பாளர் அக்கா மூன்றாவது நோட்டில் இருந்தார். பள்ளிக்குப் பின்னால் ஒரு முருங்கையும் நட்டிருந்தார். இன்னும் காய்க்கவில்லை, கீரை மட்டும் பறிக்கலாம் என்றார்.