ராணுவத்தில் பி.எஸ்சி. நர்சிங்: நீட் எழுதாமல் வழியில்லை

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் நர்சிங் சேர பிளஸ் டூ மதிப்பெண் போதும், நீட் வேண்டாம். ராணுவ நர்சிங்குக்கும் அப்படித்தான் என்று நினைத்துப் பல மாணவிகள் வாய்ப்பை இழக்கிறார்கள். முப்படை மருத்துவச் சேவையின் நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங்குக்கு முன்பு தனித் தேர்வு இருந்தது. இப்போது நீட் மதிப்பெண்தான் முதல் படி. படிப்புக்கான அறிவிப்போ நீட் முடிந்த பிறகுதான் வரும். அதைப் பார்த்து முடிவெடுக்கலாம் என்று இருந்தால் ஓராண்டு போய்விடும். வழக்கமாக பிப்ரவரி, மார்ச்சில் திறக்கும் நீட் விண்ணப்பத்தைத் தவறாமல் போட்டுவிடுங்கள்.

மொத்தம் 220 இடங்கள். புனே, மும்பை, லக்னோ, பெங்களூரு தலா 40; டெல்லி, கொல்கத்தா தலா 30. பெண்கள் மட்டுமே சேரலாம், வயது 17 முதல் 25 வரை. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்து, முதல் முறையிலேயே தேறி, 50 சதவீதமாவது எடுத்திருக்க வேண்டும். தொழிற்பிரிவில் நர்சிங் எடுத்தவர்கள் இங்கே கவனிக்கவும்: இயற்பியலும் வேதியியலும் இல்லாவிட்டால் தகுதி கிடையாது. பதினோராம் வகுப்பில் குரூப் எடுக்கும்போதே யோசிக்க வேண்டிய விஷயம் இது.

நீட் முடிவு வந்ததும் 'ஜாயின் இந்தியன் ஆர்மி' இணையதளத்தில் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். மாநில நர்சிங் கலந்தாய்வுக்குப் போட்ட விண்ணப்பம் இதற்குச் செல்லாது. நீட் மதிப்பெண் வரிசைப்படி அழைப்பு வரும். பிறகு பொது அறிவுத்திறனும் ஆங்கிலமும் சோதிக்கும் கணினித் தேர்வு, உளவியல் மதிப்பீடு, நேர்காணல், கடைசியில் மருத்துவப் பரிசோதனை. நம் பிள்ளைகள் தடுமாறுவது ஆங்கிலத்தில்தான். நீட் முடிந்த கையோடு அதற்கு உட்கார்ந்துவிடுவது நல்லது. இன்னொன்று, இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'க. மீனா', நீட் விண்ணப்பத்தில் 'மீனா கண்ணன்' என்று இருந்தால் சான்றிதழ் சரிபார்ப்பில் சிக்கல். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்கட்டும்.

தங்குமிடம், உணவு இலவசம். மாத உதவித்தொகையும் உண்டு. படிப்பு முடிந்ததும் லெப்டினன்ட் பதவி. ஆனால் 5 ஆண்டுகள் பணியாற்ற ஒப்பந்தம் எழுதித் தர வேண்டும். நடுவில் விலகினால் பணம் கட்ட நேரிடும். படிக்கும் காலத்தில் திருமணம் செய்ய அனுமதியில்லை. வீட்டில் எல்லோரும் அறிவிப்பின் ஒப்பந்தப் பக்கத்தைப் படித்த பிறகே கையெழுத்திடுங்கள்.

வேறு கல்லூரியில் பி.எஸ்சி. நர்சிங் முடித்த பெண்களுக்குக் குறுகிய காலப் பணி ஆணை (ஷார்ட் சர்வீஸ் கமிஷன்; குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டும் ராணுவ நர்சிங் அதிகாரிப் பணி) என்ற தனி வழி இருக்கிறது. அதன் அறிவிப்பும் விண்ணப்பமும் வேறு.