எதிரணிகள் விட்டுவைக்கும் மிச்சம்

சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவின் கடையொன்றில் பழுதான செல்போன் சார்ஜரைப் பிரிக்கும்போது, செம்புக் கம்பிச் சுருளின் நடுவே பீங்கான் போன்ற கரிய கட்டி ஒன்று இருப்பதைக் காணலாம். அருகில் கிடக்கும் பழைய ஒலிபெருக்கியின் பின்புறத்திலும் அதே நிறத்தில் ஒரு வளையம் உண்டு. வளையம் ஆணியைச் சட்டென்று இழுத்துப் பிடிக்கிறது. சார்ஜரின் கட்டி குண்டூசியைக்கூட இழுப்பதில்லை. இரண்டுமே இரும்பு ஆக்சைடை அடிப்படையாகக் கொண்ட ஃபெரைட்டுகள்தான்.

மெரினா மணலில் காந்தத்தைத் துழாவினால் ஒட்டிக்கொண்டு வரும் கருந்துகள்களில் உள்ள மேக்னடைட், இயற்கை தந்த ஃபெரைட். அதன் படிகத்தில் சில இரும்பு அயனிகளை நான்கு ஆக்சிஜன்களும், மற்றவற்றை ஆறு ஆக்சிஜன்களும் சூழ்ந்திருக்கின்றன. இவ்விரு அணிகளின் காந்தத் திசைகள், வடம் இழுக்கும் போட்டியைப் போல, ஒன்றுக்கொன்று எதிரானவை. வலிமை சமமாக இல்லாததால் மிஞ்சுவதே நாம் உணரும் காந்தம். 1948-இல் இதை விளக்கிய பிரெஞ்சு இயற்பியலாளர் லூயி நீல், 1970-இல் நோபல் பரிசு பெற்றார்.

இந்த விளக்கத்தின் அழகு துத்தநாகத்தில்தான் முழுமையாகத் தெரிகிறது என்பேன். காந்தத்தன்மையே இல்லாத துத்தநாகத்தை ஓரளவு சேர்த்தால், ஃபெரைட்டின் காந்தம் குறைவதற்கு மாறாகக் கூடுகிறது! துத்தநாக அயனிகள் வலிமை குறைந்த நான்கு ஆக்சிஜன் அணியின் இடங்களில் அமர்ந்து அந்த அணியை மேலும் தளர்த்துவதால், எதிரணியின் மிச்சம் பெருகுகிறது. அளவு மீறினால் இரு அணிகளுக்கும் இடையிலான பிணைப்பே நலிந்து, காந்தம் சரிந்துவிடும்.

சார்ஜரில் பெரும்பாலும் இருப்பது மாங்கனீசு-துத்தநாக ஃபெரைட். அதன் படிகம் கனசதுர வடிவினது என்பதால் காந்தத் திசை எளிதில் திரும்புகிறது. மின்சாரத்தை அரிதாகவே கடத்துவதால், நொடிக்குப் பல்லாயிரம் முறை திசை மாறியும் உலோக இரும்பைப் போல அளவின்றிச் சூடேறுவதில்லை. வளையத்திலுள்ள பேரியம் அல்லது ஸ்ட்ரான்சியம் ஃபெரைட்டின் அறுகோணப் படிகமோ, காந்தத்தை ஒரே அச்சில் இறுகப் பிடித்து வைத்துக்கொள்கிறது.

இவற்றைச் செய்ய, ஆக்சைடு, கார்பனேட் பொடிகளை அரைத்து, ஏறத்தாழ 1000 டிகிரி செல்சியஸில் சுட்டு, மீண்டும் அரைத்து, அச்சில் அழுத்தி, 1200 டிகிரியையொட்டிய வெப்பத்தில் இறுகச் சுடுகிறார்கள். உலையின் ஆக்சிஜன் அளவு சற்றுப் பிசகினாலும் மாங்கனீசு ஃபெரைட்டின் தரம் கெடும்.

மேக்னடைட் நுண்துகள்களுக்கு உலை தேவையில்லை. ஃபெரஸ், ஃபெரிக் எனும் இருவகை இரும்பு உப்புகளை 1:2 விகிதத்தில் நீரில் கரைத்து, காற்றின் ஆக்சிஜன் புகாதவாறு நைட்ரஜனைச் செலுத்தியபடி அம்மோனியாவை ஊற்றினால், செம்பழுப்புக் கரைசல் கண்ணெதிரே கன்னங்கரேலென்று மாறுகிறது. பத்து நானோமீட்டர் அளவுள்ள துகளில் காந்தத் திசையை அறைவெப்பமே புரட்டிப்போடும். ஆகவே பீக்கரின் சுவரில் காந்தத்தை வைத்தால் துகள்கள் அதை நோக்கித் திரள்கின்றன; காந்தத்தை எடுத்துவிட்டுக் குலுக்கினால், தம்முள் காந்தம் எதுவும் எஞ்சாமல் மீண்டும் நீரெங்கும் பரவுகின்றன.