கத்தரிக்கோல் இல்லாத சென்சார்

"படம் சென்சாருக்குப் போயிருக்கு" என்றதும் நமக்குக் கத்தரிக்கோல்தான் நினைவுக்கு வரும். அந்தப் பெயரை முதலில் தாங்கியவர்களின் கையிலோ கணக்கேடு இருந்தது. சென்சார் என்பது பண்டைய ரோமின் உயர்பதவி ஒன்றின் பெயர். மதிப்பிடுதல், கருத்துரைத்தல் என்று பொருள்படும் 'சென்செரே' என்ற லத்தீன் வினையிலிருந்து பிறந்தது. சென்சஸ் என்ற சொல்லும் இதே வேரில் வந்ததுதான்.

ரோமானியர் சொல்லும் மரபுப்படி இந்தப் பதவி கி.மு. 443இல் தொடங்கியது. ஏறத்தாழ ஐந்தாண்டுக்கு ஒருமுறை இருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். பதவிக்காலம் 18 மாதம். படை நடத்தும் அதிகாரம் கிடையாது. இருந்தும் ரோமின் தலைமை ஆட்சிப் பதவியான கான்சல் பதவியையே பார்த்து முடித்தவர்கள்தான் பெரும்பாலும் இதற்கு வந்தார்கள். காரணம் அந்த ஏட்டில் இருக்கிறது.

நகருக்கு வெளியே மார்ஸ் திடலில் 'வில்லா பப்ளிகா' என்ற கட்டடம் இருந்தது. கணக்கெடுப்புக்கு அதுதான் அலுவலகம். குடும்பத் தலைவர் சத்தியம் செய்துவிட்டுத் தன் பெயர், தந்தை பெயர், வயது, மனைவி மக்கள், சொத்து என எல்லாவற்றையும் சொல்லிப் பதிய வேண்டும். பதியாமல் ஒளிந்தவரின் சொத்து பறிபோகும். அவரையே அடிமையாக விற்கவும் சட்டம் இடம் தந்தது.

வரலாற்றாசிரியர் லிவி தரும் கணக்கில், 1,00,000 ஆஸ் (அன்றைய நாணயம்) சொத்துள்ளவர் முதல் வகுப்பு. அதற்கடுத்த வகுப்புகளுக்கு 75,000, 50,000, 25,000, 11,000. போருக்கு என்ன ஆயுதம் கொண்டுவர வேண்டும், எவ்வளவு வரி கட்ட வேண்டும் என்பதெல்லாம் இந்த வகுப்பைப் பொறுத்தது. வாக்கும் அப்படித்தான். அவர் விவரிக்கும் அமைப்பில் மொத்தம் 193 வாக்குக் குழுக்கள். குதிரைவீரர்களுக்கு 18, முதல் வகுப்புக்கு 80. இந்த 98 குழுக்களும் ஒத்துப்போனாலே பெரும்பான்மை வந்துவிடும், மற்றவர்களைக் கேட்கவே வேண்டாம். ஏட்டில் ஒரு பதிவு மாறினால் ஒருவருடைய வாக்கின் எடையே மாறிவிடும் என்பது இதனால்தான்.

சொத்தை மதிப்பிட்டவர்களிடமே நடத்தையை மதிப்பிடும் பொறுப்பும் வந்து சேர்ந்தது. தகாத நடத்தை உள்ளவரின் பெயருக்குப் பக்கத்தில் காரணத்தோடு ஒரு குறி போடுவார்கள். அதற்குப் பெயர் 'நோட்டா'. செனட் உறுப்பினர் என்றால் இடம் போகும். அரசுக் குதிரை பெற்றவர் என்றால் குதிரை போகும். குறி செல்லுபடியாக இரு சென்சார்களும் ஒத்துக்கொள்ள வேண்டும்; அடுத்து வருபவர்கள் அதை நீக்கவும் முடியும். கி.மு. 184இல் சென்சாரான கேட்டோ ஆடம்பரத்தின் மேல் கைவைத்தார். 15,000 ஆஸுக்கு மேற்பட்ட நகை, உடை, வண்டிகளைப் பத்து மடங்கு மதிப்பில் எழுதவைத்து, ஆயிரத்துக்கு 3 ஆஸ் வரி போட்டார். 20,000 பெறும் வண்டி ஏட்டில் 2,00,000 ஆகும், வரி 600.

இருவரும் பகைவர்களாக இருந்துவிட்டால்? கி.மு. 204இல் அதுதான் நடந்தது. லிவியஸ் சலினாட்டரும் கிளாடியஸ் நீரோவும் ஒருவர் குதிரையை மற்றவர் விற்கச் சொன்னார்கள். முடிவில் ஒருவரையொருவர் தாழ்ந்த பட்டியலில் எழுதினார்கள். தன்னை முன்பு தண்டித்துவிட்டுப் பிறகு தனக்கே பதவியும் தந்த மக்கள்மேல் சலினாட்டருக்குத் தீராத கோபம். 35 குடிப்பிரிவுகளில் 34ஐயும் அதே பட்டியலில் தள்ளினார்; தன்னைத் தண்டிக்காத மேசியா பிரிவு மட்டும் தப்பியது. ஒற்றைப் பேனாவுக்கு இத்தனை அதிகாரம் தந்தால் எங்கே போய் முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் காணவில்லை.

வரி வசூல் குத்தகை, சாலை, கால்வாய் ஒப்பந்தங்களும் இவர்கள் கையில்தான். கி.மு. 312இல் சென்சாராக இருந்த அப்பியஸ் கிளாடியஸின் பெயரில்தான் அப்பியன் சாலை இன்றும் வழங்குகிறது. கணக்கு முடிந்ததும் பன்றி, ஆடு, காளை மூன்றையும் கூடியிருக்கும் மக்களைச் சுற்றி நடத்திப் பலியிடுவார்கள். அந்தச் சடங்கின் பெயரான 'லஸ்ட்ரம்' நாளடைவில் ஐந்தாண்டுக் காலத்தையே குறிக்கத் தொடங்கியது.

ஆங்கிலத்தில் இச்சொல் 16ஆம் நூற்றாண்டில் இந்த ரோமானிய அதிகாரியைக் குறித்தே நுழைந்தது. நூல்களையும் நாடகங்களையும் சோதிப்பவர் என்ற பொருள் பிறகு வந்தது. கருவிகளில் இருக்கும் சென்சார் வேறு சொல். 'உணர்' என்னும் பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுவதால் குழப்பம். இந்தியத் திரைப்பட வாரியம் 1983இல் 'சென்சார்' என்பதைப் பெயரிலிருந்து எடுத்துவிட்டுச் 'சான்றிதழ்' என்று மாற்றிக்கொண்டது. பேச்சில் மட்டும் பழைய பெயர் நிற்கிறது.

ரோம வரலாற்றை மொழிபெயர்ப்பவர்கள் 'தணிக்கை அதிகாரி' என்று எழுதினால் வாசகர் படத்தை வெட்டுபவரைத்தான் நினைப்பார். அங்கே 'மதிப்பீட்டாளர்' என்பதே பொருந்தும். ஆனாலும் தணிக்கை என்ற நம் சொல்லை எனக்கு மிகவும் பிடிக்கும்: கூட்டுறவுச் சங்கத்தின் வரவுசெலவைப் பார்ப்பதும் தணிக்கை, திரைப்படத்தைப் பார்ப்பதும் தணிக்கை.